பலமான அணியோடு சின்னக் கல்லூரி அணியை மோதவிடலாமா? கால்பந்து ஃபிக்ஸ்சர் (யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியல்) பற்றி ஒரு கேள்வி

பாலாற்று மணல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வரும் பிப்ரவரியில் மூன்று நாள் கால்பந்துப் போட்டி. பழைய வட ஆற்காடு முழுக்க, அதாவது இப்போதைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து, 14 அணிகள் உறுதி. மைதானம் ஒன்றுதான், ஃப்ளட்லைட் கிடையாது. காலையில் 6.45, 8.00, 9.15, சாயங்காலம் 3.30, 4.45. பாதிக்கு 30 நிமிடம். நாளுக்கு ஐந்து, மொத்தம் 15 ஆட்டத்துக்கு இடம்.

சிக்கல் இதுதான். நாலு அணிகள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுத்து வருஷம் முழுக்கப் பயிற்சி கொடுப்பவை. நாலு அணிகள் சுமார். மீதி ஆறு, கிராமத்து, மலையடிவாரக் கலைக் கல்லூரிகள். 13 பேரோடு வருவார்கள், அதில் மூன்று பேர் கபடிப் பசங்க. போட்டிக் குழுவில் ஒருவர் "குலுக்கல் போடுவோம், அது எல்லாருக்கும் பொது" என்கிறார். இன்னொருவர் "ஜவ்வாது மலையிலிருந்து பஸ் ஏறி வந்து 12-0 வாங்கிக்கொண்டு திரும்ப அனுப்புவது பாவம்" என்கிறார். மூன்றாமவர், அமெரிக்கக் கல்லூரிகளில் இதைத் தெரிந்தே செய்கிறார்கள், பெரிய கல்லூரி காசு கொடுத்துச் சின்னக் கல்லூரியை வரவழைத்து அடிக்கிறது, யாருக்கும் வருத்தம் இல்லை என்கிறார்.

அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? அந்த நியாயம் இங்கே செல்லுமா? ஃபிக்ஸ்சரை எப்படிப் போடலாம்?

ஓரக்கோடு பதில்:

அமெரிக்கப் பகுதியை மட்டும் சொல்கிறேன். அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்து, தலைக்கவசம், ஆளோடு ஆள் மோதுவதே ஆட்டம். முன்வரிசையில் நிற்பவர்கள் 135 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அதனால் அங்கே பலம் பொருந்தாத ஆட்டத்தில் மானம் மட்டும் போவதில்லை, உடம்பும் அடி வாங்கும். முதலில் இதை மனதில் வையுங்கள்.

மேல்தட்டுக்கு எஃப்.பி.எஸ்., அடுத்த தட்டுக்கு எஃப்.சி.எஸ். என்று பெயர். 2025க்கு முன்பு வரை மேல்தட்டு அணி 85 உதவித்தொகை கொடுக்கலாம், கீழ்த்தட்டு அணி 63தான். இப்போது புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பை எடுத்துவிட்டு, அணிக்கு 105 பேர் என்று வைத்திருக்கிறார்கள். ஆக வித்தியாசம் எழுத்திலேயே இருந்தது. சீசன் தொடக்கத்தில் மேல்தட்டு அணி தன் சொந்த மைதானத்தில் கீழ்த்தட்டு அணியை ஒரு ஆட்டத்துக்கு வரவழைக்கும். வருகிறவர்களுக்கு ஒப்பந்தத் தொகை உண்டு, திரும்பப் போய் அவர்கள் ஊரில் ஆடும் கடமை கிடையாது. பெரிய அணிக்கு டிக்கெட் வசூல், கூடவே ஒரு வெற்றி. சீசன் முடிந்ததும் நடக்கும் பௌல் ஆட்டங்களுக்குத் தகுதி பெற ஆறு வெற்றி வேண்டும், கீழ்த்தட்டு அணியை அடித்ததில் ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பசி அங்கேதான் தொடங்குகிறது.

2012ல் சவானா ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி, முதல் வாரம் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0. அடுத்த வாரம் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 55-0, அதுவும் மூன்றாவது குவார்ட்டரில் மழை, இடி வந்து ஆட்டத்தை நிறுத்தியதால் அதோடு போயிற்று. இரண்டுக்கும் சேர்த்து 8 லட்சத்து 60 ஆயிரம் டாலர். இந்த மாதிரிப் பணம் ஃபுட்பாலுக்கு மட்டும் போவதில்லை. ஓட்டப் பந்தயம், கைப்பந்து, பெண்கள் அணிகள் என்று விளையாட்டுத் துறையே அதை நம்பி ஓடும். ஆதரிப்பவர்கள் சொல்லும் வலுவான வாதம் இது, எளிதில் தள்ளிவிட முடியாது. அதே சவானா ஸ்டேட் 2019ல் இன்னும் ஒரு தட்டு கீழே, இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்க் கணக்கும் உண்டு. 2007 செப்டம்பர் 1, ஆப்பலாச்சியன் ஸ்டேட் 4 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு மிச்சிகன் மைதானத்துக்கே போய், தரவரிசையில் ஐந்தாவதாக இருந்த மிச்சிகனை 34-32 என்று தோற்கடித்தது. 2013ல் ஜார்ஜியா சதர்ன், ஃப்ளோரிடாவை 26-20 என்று வென்றபோது ஒரு பாஸைக்கூடக் கையில் பிடிக்கவில்லை. முழுக்க ஓடியே ஜெயித்தார்கள்.

பழைய கதை ஒன்று. 1916 அக்டோபர் 7, அட்லாண்டா. ஜார்ஜியா டெக் 222, கம்பர்லாண்டு 0. கம்பர்லாண்டு அந்த வருஷம் அணியையே கலைத்திருந்தது. ஆனால் வராவிட்டால் 3,000 டாலர் அபராதம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், கிடைத்த மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாதி ஆட்டத்தில் 126-0. ஜார்ஜியா டெக் கோச் ஜான் ஹெய்ஸ்மனுக்குப் பழைய பேஸ்பால் ஆட்டம் ஒன்றில் கம்பர்லாண்டிடம் 22-0 என்று வாங்கிய கடுப்பு. வராவிட்டால் அபராதம் என்ற ஷரத்து இருந்தால், வருகிறவர்கள் மனமுவந்து வந்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

என் கருத்து: காசு கைமாறிவிட்டதால் மட்டும் அது நியாயமாகிவிடாது. கையெழுத்துப் போடுவது நிர்வாகம், அடி வாங்குவது மாணவன். 2015ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தோடு ஆடிய சதர்ன் பல்கலைக்கழக வீரர் ஒருவருக்குக் கிக்காஃபில் மோதி, கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்தது. பலம் பொருந்தாததால் வந்தது என்று அதைச் சொல்ல முடியாது, சம பலத்திலும் நடக்கக்கூடியதே. ஆனால் அந்த ஆபத்தை விலை பேசியது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மைதான ரோலர் பதில்:

மணல் சார், உங்கள் மூன்றாமவர் ஒன்றை மறந்துவிட்டார். அங்கே தோற்க வருகிறவனுக்குக் காசு. இங்கே தோற்க வருகிறவன் நுழைவுக் கட்டணமும் கட்டி, பஸ் சார்ஜும் போட்டு வருகிறான். அதனால் அமெரிக்காவைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

ஃபிக்ஸ்சருக்கு வருவோம். நாக் அவுட்டில் எப்படிப் போட்டாலும் ஆட்டம் n-1. 14 அணிக்கு 13 ஆட்டம். குலுக்கல் போட்டாலும் 13, பார்த்துப் பார்த்து அடுக்கினாலும் 13. "நேரம் இல்லை, அதனால் குலுக்கல்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

வழக்கமான முறையில் 16க்கு இரண்டு குறைவதால் இரண்டு பை (முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் சலுகை). முதல் பை கீழ்ப்பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல்பாதியின் முதல் அணிக்கு, அதாவது 14, 1 ஆகிய இடங்கள். நாலு பெரிய அணிகளை 1, 14, 7, 8 இடங்களில் சீட் செய்வீர்கள், அதாவது குலுக்காமல் முன்கூட்டியே அங்கே வைப்பீர்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சீடிங் என்பது பெரியவர்கள் முதலிலேயே ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு வெளியே போகாமல் இருக்க வந்த ஏற்பாடு. சின்ன அணியைக் காப்பாற்ற வந்ததில்லை. பெரியவர்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தால், பை கிடைக்காத 7, 8ம் இடத்து அணிகள் முதல் நாளே யாரோ ஒரு சின்ன அணியைத்தான் சந்திக்கும். 12-0 அங்கே பிறக்கிறது.

ஸ்பெஷல் சீடிங் போடுங்கள். நாலு அணியும் நேராகக் கால் இறுதிக்கு. மீதி பத்து அணிகள் தங்களுக்குள் ஆடி நாலு இடத்தைப் பிடிக்கட்டும். பத்தில் நாலு அணிகளுக்கு முன்சுற்று இரண்டு ஆட்டம், ஜெயித்த இருவரும் காத்திருக்கும் ஆறு பேரும் சேர்ந்து எட்டு, அதில் நாலு ஆட்டம். ஆறு ஆயிற்று. கால் இறுதி நாலு, அரை இறுதி இரண்டு, இறுதி ஒன்று. 13.

முதல் நாள்: 6.45, 8.00 முன்சுற்று, 9.15, 3.30 இரண்டாம் சுற்றில் இரண்டு, 4.45க்கு முதல் முன்சுற்றில் ஜெயித்தவர் ஆட்டம். இரண்டாம் நாள் 6.45க்கு இரண்டாவது முன்சுற்றில் ஜெயித்தவர், அதன்பின் நாலு கால் இறுதி. மூன்றாம் நாள் காலை அரை இறுதிகள், சாயங்காலம் இறுதி. முதல் நாள் 5, இரண்டாம் நாள் 5, மூன்றாம் நாள் 3.

இதில் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. முதல் முன்சுற்றில் ஜெயித்த அணி ஒரே நாளில் இரண்டு ஆட வேண்டும். இரண்டாவது முன்சுற்றில் ஜெயித்த அணி மறுநாள் காலையும் ஜெயித்தால், அன்றே கால் இறுதி, அதை 4.45க்குத் தள்ளுங்கள். இடையில் எட்டு, ஒன்பது மணி நேரம் கிடைக்கும். அதைச் சமாளிக்க முன்சுற்றைப் பாதிக்கு 25 நிமிடமாக வையுங்கள், காட்பாடி, ராணிப்பேட்டை மாதிரி பக்கத்து அணிகளை அதில் போடுங்கள். மலையிலிருந்து வருபவர்களுக்கு 9.15. அதற்கும் முதல் நாள் ராத்திரியே வந்து படுக்க இடம் வேண்டும், முதல் பஸ் பிடித்தாலும் 9.15க்குப் பூட்ஸ் மாட்ட முடியாது. ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாடும் ஒரு ஹாலில் ஜமுக்காளமும் போட்டால் போதும், ஹோட்டல் கேட்க மாட்டார்கள்.

அவ்வளவு தூரம் வந்தவர்கள் ஒரு ஆட்டத்தோடு மூட்டை கட்டக் கூடாது. காலையில் தோற்ற மூன்று அணிகளை 3.00 மணிக்குப் பக்கத்துக் காலி இடத்தில் இறக்குங்கள். 60க்கு 40 மீட்டர் இருந்தால் தாராளம். ஏழு பேர், 15 நிமிட ஆட்டம், ஒருவரோடு ஒருவர் மூன்று ஆட்டம். கோலுக்கு சவுக்குக் கட்டை நட்டால் போதும். சின்னதாக ஒரு கோப்பை வையுங்கள். 3.30 ஆட்டத்தில் தோற்பவர்களுக்கு இது கிடைக்காது, அதனால் அந்த நேரத்துக்கு உள்ளூர் அணிகள்.

குடியாத்தம் பத்து பதில்:

இன்னா சார் இது, பெரிய டீமுக்கு மூணு மேட்ச் ஜெயிச்சா கப்பு, முன்சுற்று டீமுக்கு அஞ்சு மேட்ச் ஜெயிக்கணும்! இதுக்குப் பேரு நியாயமா? ரோலர் அண்ணா கணக்கு சரிதான், ஆனா கருணைன்னு சொல்லிக்கினு பெரியவங்களுக்கு ரெஸ்ட் குடுத்துட்டீங்க.

இன்னொண்ணு. சின்ன டீம்னு யாரு முத்திரை குத்துறது? போன வருஷ ரிசல்ட்ட வெச்சா? கல்லூரி டீம்ல மூணு வருஷத்துல மொத்த ஆளும் மாறிடுவான். மூணு நல்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்க ஆம்பூர்லேர்ந்தோ வாணியம்பாடிலேர்ந்தோ வந்து சேர்ந்தா அந்த டீமே வேற. ஓரக்கோடு சொன்ன மிச்சிகன் மேட்ச்சையே எடுத்துக்கோங்க, "பாவம் சின்ன பசங்க"ன்னு ஒதுக்கியிருந்தா அந்த மேட்ச்சே நடந்திருக்காது.

பெரிய டீமோட ஆடணும்னு ஆசைப்பட்டுத்தான் நிறைய பசங்க வர்றானுங்க. எட்டு கோல் வாங்கினாலும் அந்த ஃபார்வர்டு எப்படித் திரும்புறான்னு பக்கத்துல நின்னு பாக்கலாம். நுழைவு ஃபாரத்துலயே ஒரு கட்டம் போடுங்க: "சீட் பெற்ற அணியோடு முதல் ஆட்டம் ஆட விருப்பம்: ஆம் / இல்லை". பி.டி. சார் கையெழுத்து மட்டும் பத்தாது, கேப்டன் கையெழுத்தும் வேணும். எந்த டீம் ஆம்னு போடுதோ அதுக்கு அந்த மேட்ச்.

பாலாற்று மணல்:

பத்து தம்பி சொன்ன கட்டம் யோசிக்க வேண்டியது. நாலு சீட் அணிகளில் கடைசி இரண்டுக்கு நேரடிக் கால் இறுதி கொடுக்காமல், ஆம் போட்ட அணிகளோடு இரண்டாம் சுற்று ஆட வைத்தால்? மீதிப் பத்தில் மூன்றோ நாலோ ஆம் வந்தால் என்ன செய்வது?

இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்கோர் 6-0 ஆகிவிட்டால் இரண்டாம் பாதியை 15 நிமிடமாகக் குறைக்கலாமா? அப்புறம், டாப் ஸ்கோரருக்கு ஒரு ஸ்பான்சர் சைக்கிள் தருகிறார். அது போட்டிக்குக் களை கட்டும் என்று நினைத்தோம்.

நடுவிசில் பதில்:

சைக்கிளை முதலில் பிடுங்குங்கள்! நாக் அவுட்டில் கோல் வித்தியாசம் பார்ப்பதில்லை, 3-0 ஆனபிறகு நாலாவது கோலுக்குத் தேவையே கிடையாது. ஆனால் டாப் ஸ்கோரர் பரிசு என்று ஒன்று வைத்தால், பெரிய அணியின் சென்டர் ஃபார்வர்டு 7-0 ஆனாலும் வெளியே வர மாட்டான், கோச் கூப்பிட்டாலும் காதில் விழாது. அவனுக்கு ஜவ்வாது மலை அணிதான் சைக்கிள் கடை. கொடுத்தே தீர வேண்டுமானால், அரை இறுதியிலிருந்து அடித்த கோல் மட்டும் கணக்கு என்று எழுதுங்கள். இல்லையென்றால் சிறந்த கோல்கீப்பருக்குக் கொடுங்கள். அமெரிக்காவிலும் இதே நோய் இருந்தது. தேசிய இறுதியில் யார் ஆடுவது என்று முடிவு செய்த கம்ப்யூட்டர் தரவரிசைகள் வெற்றி வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தன. 2002ல் அதை எடுத்துவிட்டார்கள்.

ஆட்ட நேரம்: பாதியில் குறைக்க முடியாது. கால்பந்து விதி 7ன்படி, பாதி நேரத்தைக் குறைப்பதானால் ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவரும் இரண்டு அணியும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், போட்டி விதியும் அதை அனுமதிக்க வேண்டும். 6-0 ஆனபிறகு கோச்சுகள் கை குலுக்கிக் குறைத்தால், நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் ஆட்டமே செல்லாமல் போகும். அமெரிக்க விதி இதில் வேறு. அங்கே இரண்டு தலைமைக் கோச்சும் ரெஃப்ரியும் சம்மதித்தால் ஆட்டத்தின் நடுவிலேயே மிச்ச குவார்ட்டர்களைச் சுருக்கலாம். 2013ல் மயாமியிடம் 77-7 என்று சவானா ஸ்டேட் தோற்றபோது கடைசி குவார்ட்டரை 15லிருந்து 12 நிமிடமாக்கினார்கள். அதைப் பார்த்து இங்கே செய்யாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. திரும்பி வரும் சப்ஸ்டிட்யூட்டை அனுமதியுங்கள். கீழ்மட்டப் போட்டிகளுக்கு விதியே அதற்கு இடம் தருகிறது, போட்டி விதியில் எழுதியிருக்க வேண்டும். 20 பேரோடு வருகிற அணிக்கும் 13 பேரோடு வருகிற அணிக்கும் உண்மையான வித்தியாசம் கடைசி 15 நிமிடத்தில்தான் தெரியும். காலில் தெம்பு போனதும் பந்துக்குப் போக வேண்டிய கால் ஆளுக்குப் போகும். அதில் அடிபடுவது பெரும்பாலும் பலமான அணிக்காரன். இதைப் பெரிய அணிகளின் கோச்சுகளிடம் சொல்லுங்கள், கருணை பற்றிப் பேசுவதைவிட இது சீக்கிரம் உறைக்கும். பிப்ரவரியில் சாயங்கால ஆட்டத்துக்கு ஒவ்வொரு பாதியிலும் ஒரு நிமிடத் தண்ணீர் இடைவேளை வையுங்கள். 90 விநாடி முதல் மூன்று நிமிடம் வரை போகிற கூலிங் பிரேக் இந்தப் பருவத்துக்குத் தேவைப்படாது.

ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடரக் கூடாது. 13 பேரில் இரண்டு சிவப்பு அட்டை, நாலு காயம் என்றால் பக்கத்தில் வந்துவிடும். கோல் அதிகமாகிவிட்டது என்பதற்காக ரெஃப்ரி ஆட்டத்தை முடிக்க முடியாது.

4.45ஐ 4.30 ஆக்குங்கள். 65 நிமிடமும் கூடுதல் நிமிடங்களும் போனால் 5.55. பெனால்டி ஷூட் அவுட் வந்தால் சூரியன் இறங்கிவிடும், மேற்கைப் பார்த்து நிற்கிற கீப்பருக்கோ உதைக்கிறவனுக்கோ கண் கூசும். ஷூட் அவுட்டை எந்தக் கோலில் வைப்பது என்பதை ரெஃப்ரி பார்த்துக்கொள்வார், வெளிச்சத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 3.30 ஆட்டத்தையும் 3.15க்கு இழுத்தால் சரியாக அமையும். சாயங்காலம் ஆடுகிறவர்களுக்கு மதியம் ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் போட்டுவிட்டு 3.15க்கு இறக்காதீர்கள். 12 மணிக்குத் தயிர்சாதம், வாழைப்பழம். பிரியாணி ராத்திரிக்கு.

ஓரக்கோடு:

6-0 ஆனபிறகு பெரிய அணி என்ன செய்யலாம் என்பதையும் கோச்சுகள் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். அமெரிக்கக் கோச்சுக்கு அது சுலபம்: இரண்டாம், மூன்றாம் வரிசை ஆட்களை இறக்கி, பாஸ் போடாமல் ஓட்டமாகவே ஆடினால் கடிகாரம் அதிகம் நிற்காது. தவறிய பாஸில் அது நிற்கும். நம் ஆட்டத்தில் கடிகாரம் எப்படியும் ஓடும். அதனால் பெஞ்சில் இருக்கிறவர்களை இறக்குவது, ஃபார்வர்டைப் பின்னால் போட்டுப் பின்காவலரை முன்னால் விடுவது, இரண்டே தொடுதலில் பந்தை விடச் சொல்வது, இவை கண்ணுக்குத் தெரியாத வழிகள். செய்யக் கூடாதவை: ஆளை வெளியே எடுத்து ஒன்பது பேரோடு ஆடுவது, பந்தைப் பின்னாலேயே முப்பது பாஸ் சுற்றுவது. கேலரியில் ஒவ்வொரு பாஸுக்கும் "ஓ" என்று கத்துவான். 9-0 வாங்குவதைவிட அது அதிகம் எரியும்.

மைதான ரோலர்:

பத்து சொன்ன ஐந்து ஆட்டக் குற்றச்சாட்டு சரி, ஒத்துக்கொள்கிறேன். மணல் சார் சொன்ன மாதிரி இரண்டு அணிக்கு மட்டும் ஸ்பெஷல் சீட் கொடுங்கள். மீதி 12 அணிகளுக்குக் கால் இறுதியில் ஆறு இடம், அப்போது ஆறே ஆட்டம், முன்சுற்றே கிடையாது. மொத்தம் அப்போதும் 13தான். சீட் 3, 4 இந்த ஆறில் இரண்டு ஆட்டத்தில் இருக்கும், எதிரில் "ஆம்" போட்டவர்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடும் தொல்லையும் முதல் இரண்டு நாளில் போய்விடும்: முதல் நாள் ஐந்து, இரண்டாம் நாள் காலை 6.45க்கு ஆறாவது; அதில் ஜெயித்தவர் கால் இறுதியை மட்டும் மூன்றாம் நாள் காலை 6.45க்குத் தள்ளி, இன்னொரு அரை இறுதியை 8.00க்கும், அந்த அணியின் அரை இறுதியை 3.15க்கும் போடுங்கள். இறுதி 4.30க்கு வராது, அதனால் இறுதியை நாலாம் நாள் காலைக்கு எடுக்க முடியுமா என்று முதல்வரிடம் கேளுங்கள். முடியாதென்றால் ஆறாவது ஆட்டத்தில் ஜெயித்தவர் மட்டும் இரண்டாம் நாள் காலையும் மாலையும் ஆடட்டும், பழைய கணக்கில் இரண்டு அணிக்கு இருந்த கஷ்டம் ஒன்றாகக் குறைகிறது.

ஆம் போட்டவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அவர்களுக்குள் மட்டும் சீட்டுக் குலுக்குங்கள், கேப்டன்கள் முன்னால். யாருமே போடாவிட்டால் சுமார் அணிகள் நாலில் இரண்டை எதிரில் வையுங்கள், ஆறு சின்ன அணிகளைத் தொட வேண்டாம்.

நுழைவுக் கட்டணத்தை அந்த ஆறு பேருக்குத் தள்ளுபடி செய்யுங்கள். ஸ்பான்சர் சைக்கிளுக்கு வைத்த காசு 13 ஜோடி ஷின் கார்டுக்கும் (முன்னங்காலைக் காக்கும் தட்டு) இரண்டு செட் பிப்புக்கும் (ஜெர்சிக்கு மேல் போடும் கலர் சட்டை) தாராளமாக ஆகும். கபடிப் பசங்க மூன்று பேர் ஷின் கார்டு இல்லாமல்தான் வருவார்கள், அது இல்லாமல் ரெஃப்ரி உள்ளே விடவும் மாட்டார்.

பாலாற்று மணல்:

ஃபாரத்தில் கட்டம் சேர்த்தாயிற்று, கேப்டன் கையெழுத்தோடு. சைக்கிள்காரரிடம் ஷின் கார்டு பேச வேண்டும், அவர் பெயர் எங்கே வரும் என்று கேட்பார். பிப்பில் அச்சடித்துத் தருகிறோம் என்று சொல்லிப் பார்க்கிறேன். நாலாம் நாள் கிடைக்காது, அது ஞாயிறு, ஓ.டி. (ஆன் டியூட்டி) தர மாட்டார்கள். இரண்டாம் நாள் இரண்டு ஆட்டம் ஆடப்போகிற அணி எது என்பதை மட்டும் குலுக்கலுக்கு விடுகிறோம்.